இடது காதில் மௌனம்

நவம்பர் 15

வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. இமயமலை அடிவாரத்தில் ஒரு சின்ன விமானத்தளம். ஓடுபாதையில் விமானங்களைவிட மாடுகள்தான் அதிகம் நடமாடுகின்றன. மேலே பனி உருகித் தேங்கும் ஏரிகளை விமானத்திலிருந்து படம் எடுப்பது எங்கள் வேலை. மொத்தம் அறுபத்து நான்கு கோடுகள். ஒரு கோடு என்றால் வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி நேரே போய், திரும்பி, பக்கத்திலேயே மறுபடி வருவது. உயரம் பத்தொன்பதாயிரத்து ஐநூறு அடி. கொஞ்சம் கோணினாலும் அந்தக் கோட்டை முதலிலிருந்து பறக்க வேண்டும்.

விமானம் கிழடு. இரண்டு எஞ்சின், இரண்டு இருக்கை, பின்னால் கேமரா. பயணிகள் விமானம் மாதிரி உள்ளே காற்றை அடைத்து வைக்கும் வசதியெல்லாம் கிடையாது. வெளியே எவ்வளவு காற்றோ அவ்வளவுதான் உள்ளேயும். அதனால் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க், அதற்கு ஆக்ஸிஜன் சிலிண்டர். இடது இருக்கையில் கேப்டன் வைரவன். வலது இருக்கையில் துணை விமானியாக நான், மெஞ்ஞானபுரம் ரூபன். கேமராவும் என் பொறுப்பு, சிலிண்டரும் என் பொறுப்பு, டீ வாங்கி வருவதும் என் பொறுப்பு. பெரிய விமானக் கம்பெனியில் சேர எனக்கு இன்னும் முந்நூறு மணி நேரம் பறந்த கணக்கு வேண்டும். ஆகவே இந்த வருடம் முழுக்க என் வாயில் 'சரி சார்' தவிர வேறு வார்த்தை கிடையாது.

நவம்பர் 17

கார்த்திகை ஒன்று. பக்கத்து ராணுவக் குடியிருப்பில் மலையாளிகள் கட்டிய சின்ன ஐயப்பன் கோயில் இருக்கிறது. கேப்டன் விடியற்காலையிலேயே போய் மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியோடு வந்து நின்றார். சபரிமலைக்கு அவருக்கு இது பதினெட்டாவது வருடம். பதினெட்டு என்பது பெரிய கணக்காம், குருசாமி ஆகிவிடுவாராம். மற்ற வருடங்களில் இந்த மாதத்துக்கு லீவு போட்டுவிடுவார். இந்த வருடம் கம்பெனி லீவு தரவில்லை.

"இன்னையிலேர்ந்து நான் கேப்டன் இல்ல. சாமி. நீங்களும் எனக்குச் சாமி" என்றார்.

"சரி சார்."

"சாமி!"

"சரி சாமி."

எங்கள் ஊர் சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கியவன் நான். ஆனாலும் மாலை போட்டவரைச் சாமி என்று கூப்பிடுவது எங்கள் தெருவிலும் உள்ள வழக்கம்தான். அம்மாவிடம் போனில் சொன்னேன். "கூப்பிடுலே, வாயில முத்தா உதிர்ந்துரும்? அவரு நோன்பு இருக்காருல்லா. நீயும் அவரு முன்னால முட்டை கிட்டை திங்காத" என்றாள். இரண்டு வேளை பச்சைத் தண்ணீரில் குளியல் வேறு. இந்தக் குளிரில் பார்க்கிற எனக்கே பல் தந்தியடிக்கிறது.

நவம்பர் 20

மூன்று நாளில் ஒன்பது கோடு முடித்துவிட்டோம். கேப்டன் விமானம் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கையை அசைப்பதே தெரியாது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். அவர் பல வருடமாக வைத்திருக்கும் முறை. மாஸ்க் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடி அளவி இருக்கிறது, அதற்குள் ஒரு குண்டு. ஆக்ஸிஜன் ஓடினால் குண்டு மேலே எழும்பி நிற்கும். குண்டு நிற்கிறதா, நகம் நீலமாகியிருக்கிறதா, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் அடுத்து என்ன, இந்த மூன்றுக்கும் பதில் வர வேண்டும். பிறகு அவர் என்னைக் கேட்பார்.

"வலிச்சா நாம கத்துவோம் சாமி. மூச்சு முட்டினா கையக் கால உதறுவோம். ஆக்ஸிஜன் குறைஞ்சா இது ரெண்டும் செய்ய மாட்டோம். சந்தோஷமா இருக்கும். அதான் பயம்" என்றார்.

எனக்குத் தெரியும். பயிற்சியில் காற்றைக் குறைத்த அறைக்குள் உட்காரவைத்து அம்மா பெயரை எழுதச் சொன்னார்கள். வெளியே வந்ததும் தாளைக் காட்டினார்கள். ஒரே ஒரு எழுத்து, தாள் முழுக்க. எழுதும்போது என் கையெழுத்து இவ்வளவு அழகா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 26

மேகம். பறக்கவில்லை. துணி துவைத்தேன். கேப்டன் ரவா உப்புமா கிளறினார், நான்தான் பாத்திரம் தேய்த்தேன். சாயங்காலம் அவர் மனைவி உமையாள் ஆச்சியிடம் போனில் பேசினார். எனக்கும் கொடுத்தார். ஆச்சி சென்னையில் கணக்கு டீச்சர். "அவுகள நல்லாப் பாத்துக்கங்க தம்பி. பசிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாக" என்றார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

டிசம்பர் 1

இருபத்தாறு கோடு முடிந்தது.

கேள்வி பதில் சுருங்கிவிட்டது. இப்போது நான் "சாமி, காத்து?" என்பேன். அவர் "சரணம் சாமி" என்பார். பிறகு அவர் கேட்பார், நான் "சரணம்" என்பேன். கணக்கெல்லாம் போன வாரத்தோடு நின்றது. கோட்டைப் பிடிக்கும் நேரத்தில் எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று யார் எண்ணிக்கொண்டிருப்பது? குரல் வந்தால் ஆள் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

டிசம்பர் 3

கேப்டனுக்குத் தாடி நன்றாக வந்துவிட்டது. கன்னத்தில் நரை. மாஸ்க்கின் ரப்பர் தாடிமேல் உட்காருவதால் ஓரத்தில் காற்று கசிகிறது. அவர் பேசும்போது கூடவே ஒரு மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது. வாரை இன்னும் இரண்டு ஓட்டை இறுக்கிக்கொண்டார்.

தாடி இருந்தால் மாஸ்க் பொருந்தாது என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருக்கே தெரியாததா? விரதத்தில் இருக்கிறவரிடம் போய், பதினெட்டாம் வருடத்தில், 'சாமி, சவரம் பண்ணுங்கள்' என்று நான் சொல்வதா? அதுவும் நான்? வேறு யாராவது சொன்னால் கோபித்துக்கொண்டு விட்டுவிடுவார். நான் சொன்னால் 'இவன் கிறிஸ்தவன், வேதக்காரன், அதனால் சொல்கிறான்' என்று ஒரு நொடியாவது நினைத்துவிடுவாரோ என்று இருக்கிறது.

டிசம்பர் 4

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "என்ன சாமி?" என்றார். "சட்னியில உப்பு கம்மி" என்றேன்.

டிசம்பர் 5

சொல்லாமலே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். சிலிண்டரின் திருகு இரண்டும் என் கைப்பக்கம். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அவருடையதை முழுக்கத் திறந்துவிட்டேன். ஓரத்தில் கசிந்தாலும் மிச்சம் உள்ளே போகும். விசில் கூடிவிட்டது, பரவாயில்லை.

மெக்கானிக் பிஷ்ட் சிலிண்டரை நிரப்ப வந்து, இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீர்ந்தது என்று இந்தியில் கேட்டான். இணைப்பில் எங்கோ கசிவு என்றேன். ஒரு மணி நேரம் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு, கசிவே இல்லை என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான். பாவமாக இருந்தது.

நான்கு மணி நேரம் பறக்க வேண்டும், சிலிண்டர் ஒன்றுதான். நாளையிலிருந்து என்னுடையதைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளப் போகிறேன். எனக்கு இருபத்தேழு வயது. அவருக்கு ஐம்பத்தொன்று.

டிசம்பர் 6

இன்றைக்குப் போல ஒரு நாள் என் வாழ்நாளில் வந்ததில்லை. மலைகள் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தன. கீழே ஏரிகள் ஒவ்வொன்றும் கண்ணைத் திறந்து பார்க்கின்றன. எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. இறங்கின பிறகுதான் தலைவலி, அதுவும் ஒரு டீயில் போய்விட்டது. கேப்டனும் சிரித்துக்கொண்டே இருந்தார். விமானத்தளக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச வேண்டிய அலைவரிசையை இரண்டு முறை தப்பாக வைத்தார், அதற்கும் சிரித்தோம்.

தொடைமேல் கட்டிக்கொள்ளும் அட்டையில் கோடு எண்களைக் குறித்து வைப்பேன். இன்றைய அட்டையில் முப்பத்தெட்டு என்ற எண் ஐந்து முறை இருக்கிறது. ஐந்தும் என் எழுத்து.

டிசம்பர் 9

ஒரு விஷயம். எழுதத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை.

கேமராக் கணினி நாங்கள் மாஸ்க்குக்குள் பேசுவதையும் பதிவு செய்கிறது. ஹெட்போனில் கேட்டால் இடது காதில் கேப்டன், வலது காதில் நான். முப்பத்தெட்டாம் கோட்டின் நேரத்தைச் சரிபார்க்க இன்று அதைப் போட்டுக் கேட்டேன். நடுவில் யாரோ சிரிக்கிறார்கள். ஜோக்குக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. குழந்தைக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் விடாமல் சிரிக்குமே, அந்த மாதிரி. நான்கு நிமிடம் பதினோரு விநாடி. நடுவே இடது காதில் கேப்டன் "காத்து சாமி?" என்கிறார். சிரிப்பு நிற்கிறது. வலது காதில் "சரணம்" என்று ரொம்பத் தெளிவாக, பயபக்தியோடு ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

நான் அன்றைக்குச் சிரித்ததாக ஞாபகம் இல்லை. அப்படிச் சிரிக்கவும் எனக்குத் தெரியாது.

கேப்டனிடம் சொல்லவில்லை. பதிவை அழித்துவிட்டேன். கணினியில் இடம் குறைவாக இருந்தது.

டிசம்பர் 12

நாற்பத்தொன்பது முடிந்தது. அம்மா போன் செய்தாள். குரல் சரியில்லையே என்றாள். சளி என்றேன்.

டிசம்பர் 14

இன்னும் பத்துக் கோடு. இருபதாம் தேதி கேப்டன் கிளம்பினால்தான் மண்டல பூஜைக்கு மலையேற முடியும். டிக்கெட்டை என்னிடம் காட்டினார்.

"நம்மளால முடியும் சாமி" என்றேன்.

"நீங்க இளைச்சிட்டீங்க சாமி. நகத்தக் காட்டுங்க" என்றார் திடீரென்று. காட்டினேன். தரையில் இருக்கும்போது எல்லார் நகமும் சிவப்பாகத்தானே இருக்கும்?

டிசம்பர் 16, காலை

நல்ல வானம். காற்று இல்லை. இன்று ஆறு கோடு போட்டுவிடலாம். அவருடைய திருகு முழுசாக, என்னுடையது கால்வாசி.

டிசம்பர் 19

ஆஸ்பத்திரி. டாக்டர் ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார்.

கேப்டன் இறந்துவிட்டார்.

ஐந்தாவது கோடு முடிந்தது. நான் "சாமி, காத்து?" என்றேன். "சரணம் சாமி" என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். பதில் சொன்னார். எல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. தெற்கே திரும்பினோம், சமவெளியைப் பார்த்து மெதுவாக இறங்கினோம். நான்தான் இறக்கியிருக்க வேண்டும். பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் அடியில் மறுபடி கேட்டேன், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தலை தொங்கியிருந்தது. அவசர அழைப்புக் கொடுத்தேன். தனியாகத் தரை இறக்கினேன். மாரடைப்பு என்கிறார்கள். ரத்தக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்ததாம்.

கம்பெனி முதலாளி நேரில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பேப்பரில் என் படம்.

டிசம்பர் 22

உமையாள் ஆச்சி போன் செய்தார்கள். அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"கடைசியா என்ன பேசுனாக தம்பி?"

"சரணம்னாங்க ஆச்சி. கடைசி வரைக்கும் பதில் சொல்லிட்டேதான் இருந்தாங்க. திடீர்னுதான்…"

"விரதத்தோட, சாமி பேரச் சொல்லிட்டுப் போயிட்டாக. அது போதும் எனக்கு" என்றார்கள். என்னால் ஒருத்தருக்காவது ஆறுதல் சொல்ல முடிந்ததே என்று இருந்தது.

டிசம்பர் 28

மெஞ்ஞானபுரம். கிறிஸ்துமஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆலயத்தில் எனக்காக ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். எல்லாரும் கை கொடுத்தார்கள்.

காலையில் அம்மா கேட்டாள். "ஏலே, தூக்கத்துல யாருகூடல பேசுத? ஒருத்தன் கேக்கான், ஒருத்தன் பதில் சொல்லுதான். எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு."

கனவு என்றேன். என்ன கனவு என்று அவள் கேட்கவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு நெற்றியில் எண்ணெய் தடவினாள்.

ஜனவரி 4

சென்னை. விசாரணை அலுவலகம். அதிகாரி விமான மருத்துவம் படித்த ஓர் அம்மா. அதிர்ந்து பேசமாட்டார். விமானத்திலிருந்து எடுத்த பதிவைப் போட்டு, ஹெட்போனை என் பக்கம் தள்ளினார்.

ஐந்தாவது கோட்டின் முடிவு. இடது காதில் விசிலோடு ஒரு குரல் திணறித் திணறிப் பேசுகிறது. "சாமி… உங்க குண்டு கீழ கிடக்கு. திருகத் திறங்க. சாமி, கேக்குதா? உளர்றீங்க. திறங்க… நான் கீழ கொண்டு போறேன்." வலது காதில் சிரிப்பு. பிறகு "சரணம்."

அதோடு இடது காது அடங்கிவிட்டது. விசிலும் இல்லை.

வலது காதில் மட்டும் தொடர்கிறது. "சாமி, காத்து?" ஒரு நொடி. "சரணம் சாமி." வேறு குரல். கனமான, கொஞ்சம் கரகரத்த, 'ர'வை இழுத்துச் சொல்லும் குரல். இரண்டும் வலது காதில். இருபத்திரண்டு நிமிடம். நடுவில் அந்தக் கனத்த குரல் என்னிடம் மலைக்குப் போவது பற்றிப் பேசுகிறது. நான் உம் கொட்டுகிறேன். அது டிக்கெட் பற்றிச் சொல்கிறது. நான் சிரிக்கிறேன்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். மேஜைமேல் வைத்த பிறகும் அது பேசிக்கொண்டிருந்தது.

"இது யார் குரல்?" என்று கேட்டார் அந்த அம்மா.

தெரியவில்லை என்றேன்.

"ஆக்ஸிஜன் குறைஞ்சா மூளை இப்படியெல்லாம் செய்யும். பழகின பதில அதுவே சொல்லிக்கும். ஆனா ஒரு விஷயம் பாக்கணும். நீங்க ரெண்டு பேரும் ஹெட்செட்ட மாத்திச் சொருகியிருந்தா இடது வலதாகும், வலது இடதாகும். மாஸ்க்குக்குள்ள எல்லார் குரலும் ஒண்ணு மாதிரிதான், ரெண்டு பேரும் சாமின்னுதான் கூப்பிட்டுக்கறீங்க. அன்னைக்கு யார் எதில சொருகினதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். யோசிச்சு எழுத்துல கொடுங்க."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மாறியிருந்தது என்று எழுதினால், திருகைத் திறக்கச் சொல்லி எச்சரித்தவன் நானாகிறேன். கீழே இறக்கியவனும் நானாகிறேன். என் லைசென்ஸ் இருக்கும், பெரிய கம்பெனி வேலை இருக்கும். சிரித்தவர் கேப்டன் ஆகிவிடுவார்.

ஜனவரி 5

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் என் குரலைப் பதிவு செய்து பார்த்தேன். "சரணம் சாமி." முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். கனமாக, கரகரப்பாக, 'ர'வை இழுத்து. ஒரு தடவை கூட அந்தக் குரல் வரவில்லை. எனக்கு அந்தக் குரல் வராது. அப்படியானால் அன்றைக்கு என் மாஸ்க்குக்குள் பேசியது யார்?

ஜனவரி 8

இன்று ஆச்சியை அழைத்திருந்தார்கள், குரலை அடையாளம் சொல்ல. நான் வராந்தாவில் நின்றேன். வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்தார்கள். கண் ஈரமாக இருந்தது, முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம்.

"அவுகதான் தம்பி. சரணம்னு சொன்னது அவுகதான். இருபத்தஞ்சு வருஷம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? வலதுங்கிறாக, இடதுங்கிறாக. வயரு மாறியிருக்கும். நீங்க சொல்லிருங்க தம்பி."

தலையாட்டினேன். இல்லை, தலை தானாக ஆடியது.

ஆச்சியும் அதையே சொல்கிறார்கள். அதிகாரிக்கும் அது போதும். கம்பெனிக்கு அதுதான் வேண்டும். ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் சொல்லப் போகிறேனே என்று இல்லை. ஆச்சி சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று.

ஜனவரி 9

கையெழுத்துப் போடவில்லை. நங்கநல்லூரில் ஆச்சி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கேப்டன் படம், சவரம் செய்த முகத்தோடு. அந்த முகம் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

ஆச்சி காபி கொண்டுவந்து வைத்தார்கள். ஆறவிட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தாடியைச் சொன்னேன். சொல்ல வாயெடுத்துச் சட்னியைச் சொன்னதைச் சொன்னேன். திருகைச் சொன்னேன்.

"வயர் மாறல ஆச்சி. நான்தான் சொருகினேன் ரெண்டையும். இடது பக்கம் பேசினது அவங்க. 'திறங்க, நான் கீழ கொண்டு போறேன்'னதுதான் அவங்க கடைசியாப் பேசினது. அவங்கதான் விமானத்தத் தெக்க திருப்பி, ஆட்டோபைலட்ட இறங்கற மாதிரி வச்சது. அதனாலதான் நான் உயிரோட இருக்கேன். அதுக்கப்புறம் பேசினதெல்லாம் என் வாயிலேர்ந்து வந்தது."

"அவுக குரல் எப்பிடி உங்க வாயிலேர்ந்து வரும்?"

"தெரியல ஆச்சி. சத்தியமாத் தெரியல."

ஆச்சி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஒரு விமானம் போனது. அதன் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தார்கள்.

"இருபத்திரண்டு நிமிஷம் அவுக சத்தமே இல்ல. தோளு இடிக்கிற தூரம்தானே? நீங்க ஒரு தடவ கூடவா திரும்பிப் பாக்கல?"

"பார்த்தேன் ஆச்சி. நிறைய தடவ பார்த்தேன்."

"எப்பிடி இருந்தாக?"

"சிரிச்ச மாதிரி இருந்தாங்க. என்னையே பார்த்துட்டு. அதனாலதான் ஒண்ணுமில்லன்னு…"

ஆச்சி என் பக்கம் திரும்பினார்கள். வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்ட பையனிடம் கேட்பது போல, கோபமே இல்லாமல் கேட்டார்கள்.

"மூக்கையும் வாயையும் மாஸ்க்கு மூடியிருக்கும்னீகளே. சிரிச்சது எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

அந்த முகம் கண்முன் வந்தது. நரைத்த தாடி, திறந்த உதடு, பல். முழு முகமும். மாஸ்க் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் குழாயிலிருந்து முழுசாகத் திறந்துவிட்ட ஆக்ஸிஜன் அவர் சட்டைமேல் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. கையை நீட்டினால் எட்டும். இருபத்திரண்டு நிமிடமும் நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்து, நல்ல முகம் என்று நினைத்திருக்கிறேன்.

ஆச்சி எழுந்து உள்ளே போய்விட்டார்கள். கதவைச் சாத்தவில்லை. நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 10

எழுத்தில் கொடுத்துவிட்டேன். மூன்று வரிதான். 'இணைப்பு மாறவில்லை. கேப்டனின் மாஸ்க் கழன்றிருந்ததைப் பார்த்தேன். மாட்டிவிடவில்லை.'